மார்ஷலருக்கு ஏற்ற ஒளிக்கோல் எது? மூன்று வகைகளைப் பற்றிய மதிப்புரை

விமானத்தை நிறுத்துமிடத்துக்குள் கைச்சைகையால் வழிநடத்தும் மார்ஷலர்களுக்கு என்று சொல்லி இணையக் கடைகளில் விற்கப்படும் ஒளிக்கோல்களில் பல, அந்த வேலையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. வாகன நிறுத்தங்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் பயன்படும் சிவப்புத் தடிகளே, பெட்டியின் மேல் ஒரு விமானப் படத்தைச் சுமந்துகொண்டு கூடுதல் விலைக்கு வருகின்றன. எங்கள் தரைச்சேவைப் பிரிவுக்குப் புதிய கோல்கள் தேவைப்பட்டபோது, மூன்று வகைகளில் சில ஜோடிகளை வரவழைத்து இரவுப் பணியில் பயன்படுத்திப் பார்த்தோம். பிறகு, பராமரிப்புக்காக நின்றிருந்த ஏர்பஸ் ஏ320 ஒன்றின் காக்பிட்டில் அமர்ந்து, கீழே சக பணியாளர் ஒருவர் சைகை காட்ட, அவை அங்கிருந்து எப்படித் தெரிகின்றன என்றும் பார்த்தோம். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த இருக்கையிலிருந்து கண்டவற்றைப் பற்றியது. விற்பனைப் பெயர்களை நான் குறிப்பிடவில்லை. ஒரே அச்சில் வார்த்த பொருள் பல பெயர்களில் வருவதால், பெயரைவிட அமைப்பைச் சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

முதல் வகை, சாலைத் தடி. முன்கை அளவு நீளமுள்ள சிவப்புப் பிளாஸ்டிக் குழல், உள்ளே வரிசையாக எல்.இ.டி. புள்ளிகள், அடியில் காந்தம். சிலவற்றில் ஊதல்கூட உண்டு. ஜெட் எஞ்சின் ஓடும் இடத்தில் காதுகளை மூடிக்கொண்டு நிற்பவருக்கு ஊதல் எதற்கு என்பதை விற்பவர்தான் விளக்க வேண்டும். இரண்டாம் வகை, சாதாரண டார்ச் விளக்கின் முகப்பில் ஆரஞ்சு நிறக் கூம்பைச் செருகியது. மூன்றாம் வகை, விமான நிலையப் பணிக்கென்றே வடிவமைக்கப்பட்டு, குழல் முழுவதும் உள்ளிருந்து ஒரே சீராக ஒளிரும் கோல். முதல் வகை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மூன்றாம் வகை அதைப் போலப் பல மடங்கு விலை கொண்டது. அந்த விலை வேறுபாடு நியாயமானதா என்பதுதான் கொள்முதல் பிரிவு எங்களிடம் கேட்ட கேள்வி.

இதற்கு விடை காண அளவுகோலாக எடுத்துக்கொண்டது, ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் சைகை விதிகள். 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்துக்கான இரண்டாம் இணைப்பில், வான்வெளி விதிகளோடு சேர்த்து, மார்ஷலர் காட்ட வேண்டிய சைகைகளும் விமானி பதிலுக்குக் காட்ட வேண்டிய சைகைகளும் விவரிக்கப்பட்டுள்ளன. பயிற்சியும் தகுதியும் அனுமதியும் பெறாத எவரும் விமானத்தை வழிநடத்தக் கூடாது. மார்ஷலர் தனித்துத் தெரியும் ஒளிர்வண்ண மேலங்கி அணிய வேண்டும். பகலில் ஒளிர்வண்ணக் கோலோ மேசைப்பந்து மட்டையோ கையுறையோ பயன்படுத்த வேண்டும். இரவிலும் பார்வைத்திறன் குறைந்த நேரத்திலும் ஒளிரும் கோலையே பயன்படுத்த வேண்டும் என்பவை அதன் அடிப்படை. ஒவ்வொரு சைகையையும் அது உடலசைவாகவே விவரிக்கிறது. அந்த அசைவுகளை ஒவ்வொன்றாகக் கோலைப் பிடித்துச் செய்து பார்த்தால், நல்ல கோல் எப்படி இருக்க வேண்டும் என்பது விளம்பரத்தின் உதவியில்லாமலே விளங்கிவிடுகிறது.

நிறுத்தச் சைகையை முதலில் எடுத்துக்கொள்வோம். இரு கைகளையும் பக்கவாட்டில் முழுவதும் நீட்டி, அங்கிருந்து மெதுவாக உயர்த்தி, தலைக்கு மேல் கோல்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் வரை கொண்டுவருவது வழக்கமான நிறுத்தம். அதே குறுக்கு வெட்டைச் சட்டென்று காட்டினால் அவசர நிறுத்தம். வழக்கமான நிறுத்தத்தில் கைகள் உயரும் வேகமே விமானிக்கு ஒரு செய்தி: நிறுத்தக் கோட்டுக்கு மூக்குச் சக்கரம் எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதை அவர் அந்த இரண்டு ஒளிக்கோடுகளுக்கு இடையே குறுகிவரும் இடைவெளியிலிருந்து உணர்கிறார். டார்ச் கூம்பில் ஒளிரும் பகுதி ஒரு சாணுக்கும் குறைவு. காக்பிட்டிலிருந்து பார்த்தபோது, கடைசிக் கட்டத்தில் அது குறுக்குக் கோடுகளாகத் தெரியாமல் ஒரு ஒளித்திட்டாகவே தெரிந்தது. சக்கரத் தடைக்கட்டை வைக்கப்பட்டுவிட்டது என்பதற்கான சைகையும் தலைக்கு மேலேதான் நிகழ்கிறது. முழுவதும் நீட்டிய கைகளில் கோல்களை உட்புறமாகக் குத்துவதுபோல் அசைத்து, நுனிகள் தொடும்படி காட்ட வேண்டும். நுனிகள் தொடுவதையும் குறுக்கே வெட்டுவதையும் கூம்பு விளக்கால் வேறுபடுத்திக் காட்ட முடியவில்லை. வெளி மின்சாரத்தை இணைப்பதற்கான சைகையில் இரு கோல்களால் ஆங்கில ‘T’ வடிவத்தை அமைக்கும்போதும் இதே குறைதான். இந்த ஒரு காரணத்துக்காகவே டார்ச் கூம்பை நாங்கள் முதல் இரவிலேயே ஒதுக்கிவிட்டோம்.

அதில் வேறொரு தொல்லையும் இருந்தது. கூம்பின் நுனி வழியாக உள்ளிருக்கும் விளக்கின் வெள்ளைக் கதிர் நேராக வெளியேறுகிறது. கோலை விமானத்தை நோக்கிச் சாய்க்கும்போதெல்லாம் அந்தக் கதிர் காக்பிட் கண்ணாடியில் விழுந்தது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை ஒளி பட்டால் அடுத்த சில நொடிகளுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. பணி முடிந்து திரும்பும் வழியில் தரையில் கிடக்கும் திருகு, பிளாஸ்டிக் துண்டு போன்றவற்றைத் தேட அந்த டார்ச் நன்றாகவே உதவும். அதற்காக ஒன்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

சாலைத் தடியின் நீளம் போதுமானது. குறுக்கு வெட்டு அழகாகவே தெரிந்தது. அதன் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: உள்ளிருக்கும் எல்.இ.டி. வரிசை ஒரு பக்கமோ இரு பக்கமோ பார்த்தபடி ஒட்டப்பட்டிருக்கிறது. ‘நேராக வா’ என்ற சைகையில் முழங்கைகளை மடித்து, கோல்களை மார்புக்கும் தலைக்கும் இடையே மேலும் கீழும் அசைக்கும்போது மணிக்கட்டு இயல்பாகவே சற்றுத் திரும்பும். அப்போது தடியின் ஒளிரும் பக்கம் விமானியிடமிருந்து விலகி, கோடு பாதியாக மங்கிப்போகிறது. ஒளி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் மூன்றாம் வகைக் கோலில் இந்தத் தொல்லை அறவே இல்லை.

ஒளிக்கோல்களை விற்பவர்கள் முதலில் புகழ்ந்து பேசுவது மினுக்கும் வசதியைத்தான். ‘மூன்று விதமான மினுக்கல்’, ‘ஐந்து விதமான மினுக்கல்’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். சாலையில் ஒருவர் நிற்கிறார் என்று எச்சரிக்க மினுக்கல் உதவும். விமானத்தை வழிநடத்துகையில் அது நேரெதிராக வேலை செய்கிறது, ஏனென்றால் இங்கே செய்தி அசைவில் இருக்கிறது. இடப்பக்கம் திரும்பச் சொல்வதற்கு மார்ஷலர் தன் வலக்கையை உடலுக்குச் செங்கோணத்தில் நீட்டி நிறுத்தி, இடக்கையால் ‘வா’ என்று காட்டுகிறார். வலப்பக்கத்துக்கு இதன் மறுதலை. எந்தக் கை அசையாமல் நிற்கிறது, எந்தக் கை அசைகிறது என்பதே திசை. அசையும் கை எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதே விமானம் எவ்வளவு கூர்மையாகத் திரும்ப வேண்டும் என்பதற்கான அறிகுறி. நொடிக்கு இரண்டு முறை அணைந்து எரியும் கோலை அதே வேகத்தில் அசைத்தால், கோல் எரியும் நொடிகளில் கை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பதாகத் தோன்றி, அசையும் கோலும் அசையாத கோலும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. இதைக் காக்பிட்டில் உட்கார்ந்து பார்த்தபோது எங்கள் குழுவின் மூத்தவர்களே அதிர்ந்துபோனார்கள்.

மினுக்கலை அணைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. மலிவான கோல்களில் பிரகாசத்தைக் குறைப்பதற்கு எல்.இ.டி.யைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து ஏற்றும் மின்சுற்று இருக்கும். கோல் அசையாமல் இருக்கும்வரை அது நிலையான ஒளியாகத் தெரியும். வேகமாக வீசினால் காற்றில் ஒளிவில் துண்டு துண்டாக உடைந்து தெரியும். எஞ்சினை இயக்கச் சொல்லும் சைகையில் இடக்கை எந்த எஞ்சின் என்று சுட்ட, வலக்கைக் கோல் தலை மட்டத்தில் வட்டமிட வேண்டும். சாலைத் தடியைக் குறைந்த பிரகாசத்தில் வைத்து வட்டமிட்டபோது, வட்டத்துக்குப் பதில் சிதறிய கீற்றுகளே தெரிந்தன. கடையில் வாங்கும்போது இதைச் சோதிப்பது எளிது: இருட்டான மூலையில் கோலை வேகமாக ஒரு முறை வீசிப் பாருங்கள்; கோடு தொடர்ச்சியாக இருந்தால் வாங்கலாம்.

பொத்தானின் அமைப்பைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். சாலைத் தடிகளில் பெரும்பாலும் ஒரே பொத்தான்தான்: ஒரு முறை அழுத்தினால் நிலையான ஒளி, இன்னொரு முறை அழுத்தினால் மினுக்கல், மூன்றாம் முறை அணைப்பு. அது பெருவிரல் படும் இடத்திலேயே இருக்கிறது. சைகை காட்டும் மும்முரத்தில் பிடி இறுகும்போது பொத்தான் அழுந்தி, ஒரு கை நிலையான ஒளியும் மறு கை மினுக்கலுமாக நிற்கும் நிலை ஏற்படலாம். ஒரு கோல் திடீரென்று அணைந்துபோனால் விமானத்தை நிறுத்திவிடுவதே விமானிக்குப் பாதுகாப்பு. மினுக்கத் தொடங்கினால் அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை ஊகிக்கவே முடியாது. மூன்றாம் வகையில் நாங்கள் தேர்ந்தெடுத்த கோல், அடிமூடியைத் திருகி ஏற்றும் அமைப்புடையது. மினுக்கல் அறவே இல்லை. விளம்பரத்தில் சொல்ல ஒன்றும் இல்லாத அந்தக் குறைவான வசதியே அதன் சிறப்பு.

பிரேக் போடச் சொல்லும் சைகை, இரவில் எல்லாக் கோல்களுக்கும் கடினமான தேர்வு. தோளுக்குச் சற்று மேலே உள்ளங்கையை விரித்துக் காட்டி, விமானியின் கண்ணைப் பார்த்தபடியே விரல்களை மூடி முட்டியாக்க வேண்டும். அவர் பெருவிரலை உயர்த்தி ஒப்புக்கொள்ளும்வரை அங்கிருந்து அசையக் கூடாது. பிரேக்கை விடுவிக்க இதன் மறுதலை. விரிந்த கையில் கோலைப் பிடித்திருக்க முடியாது என்பதால், அது மணிக்கட்டில் தொங்க வேண்டும் அல்லது மறு கைக்கு மாற வேண்டும். ஆகவே மணிக்கட்டுக் கயிறு இல்லாத கோலை வாங்கவே கூடாது. கயிறு மெல்லிய நூலாக இருந்தால் எஞ்சின் காற்றில் கோல் சுழன்று முழங்கையில் அடிக்கும். பட்டையான, நீளத்தைச் சரிசெய்யக்கூடிய வார் நல்லது. அடுத்து, கை தெரிய வேண்டும். கருப்புப் பிடி நீளமாக இருக்கும் சாலைத் தடியின் ஒளி கையை எட்டுவதே இல்லை. மூன்றாம் வகைக் கோலில் குழலின் அடிப்பகுதியும் ஒளிர்வதால், ஒரு கோலை மறு கைக்கு அருகே பிடித்து, விரிந்த உள்ளங்கை முட்டியாவதைத் தெளிவாகக் காட்ட முடிகிறது. வெளிர் ஒளிர்வண்ணக் கையுறை அணிந்தால் இன்னும் தெளிவு. கருப்புக் கையுறையோடு இந்தச் சைகையைக் காட்டுபவர்களை இரவில் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நிறத்தில் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாமே கிடைக்கின்றன. விமான நிறுத்துமிடங்களில் சராசரியாக 20 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது ஐ.சி.ஏ.ஓ.வின் பரிந்துரை. அந்த வெளிச்சம் எந்த நிறத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தே கோலின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய சோடியம் விளக்குகள் உள்ள ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளத்தில்) எல்லாமே மஞ்சள் பூசியதுபோல் இருப்பதால் ஆரஞ்சுக் கோல் பின்னணியில் கரைந்துவிடுகிறது. சிவப்பு அங்கே தனித்து நிற்கிறது. வெள்ளை எல்.இ.டி. கம்பங்கள் வந்துவிட்ட இடங்களில் ஆரஞ்சும் சிவப்பும் இரண்டுமே நன்றாகத் தெரிகின்றன. பச்சையும் நீலமும் ஓடுபாதையை விட்டு வரும் வழியில் விமானி ஏற்கெனவே பார்த்துவரும் விளக்குகளின் நிறங்கள்: விமானம் ஊர்ந்து செல்லும் பாதையான டாக்சிவேயின் நடுக்கோட்டு விளக்குகள் பச்சை, ஓர விளக்குகள் நீலம். அவற்றுக்கு நடுவே கோலும் அதே நிறத்தில் எரிய வேண்டிய அவசியமில்லை. ஜோடியில் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்று விற்கப்படுவதை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

மழையில் நாங்கள் கவனித்த ஒன்று எந்த விவரக் குறிப்பிலும் இல்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சைகையில் கோல்கள் இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே தட்டுவதுபோல் அசைகின்றன. நனைந்த கான்கிரீட் தரையில் அவற்றின் பிம்பம் விழுவதால், உயரத்திலிருந்து பார்க்கும் விமானிக்கு நான்கு ஒளிகள் தெரிகின்றன. மிகப் பிரகாசமான கோலில் பிம்பமும் அதே அளவு பிரகாசமாக இருந்து குழப்பியது. நடுத்தரப் பிரகாசமுள்ள கோலில் பிம்பம் மங்கி, உண்மையான கோல் தெளிவாக நின்றது. ‘இத்தனை லூமன்’ என்று எண்ணைக் காட்டி விற்பவரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் இரவுப் பணி பார்க்கும் எவரும் நம்புவார்கள்.

நீர் புகாமை குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அடிமூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா, அதைத் தனியாக வாங்க முடிகிறதா என்று பாருங்கள்.

மின்கலம் சற்று விரிவாகப் பேச வேண்டிய பொருள். பெரிய ‘D’ அளவு அல்கலைன் கலம் ஒன்று ஏறக்குறைய 140 கிராம் எடையுள்ளது. இரண்டு கலங்கள் போட்ட கோல் ஒவ்வொன்றும் கலங்களால் மட்டுமே 280 கிராம் கனக்கும். நிறுத்துமிடத்தை அடையாளம் காட்டும் சைகையில் இரு கைகளையும் தலைக்கு மேல் நேராக நீட்டியபடி, தொலைவில் விமானம் திரும்பி வரும்வரை நிற்க வேண்டும். அடுத்தடுத்து விமானங்கள் வரும் நள்ளிரவில் அந்த எடை தோள்பட்டையில் தெரியும்; தோள் தளர்ந்தால் சைகை தளர்கிறது, நேராக நிற்க வேண்டிய கோல் சாய்கிறது. ‘ஏஏ’ அளவுக் கலங்களில் இயங்கும் இலேசான கோல்களையே நாங்கள் விரும்பினோம், அவற்றின் கலங்களை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தபோதிலும். சிக்கனத்துக்காக மறுமின்னேற்ற நிக்கல் கலங்களைப் போடுபவர்கள், அவை ஒவ்வொன்றும் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்டே தருவதை நினைவில் கொள்ள வேண்டும். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும் என்பதால் இரண்டு கலங்களில் அது சமாளித்துவிடும், வெள்ளை எல்.இ.டி.யின் மேல் நிற உறை போட்ட கோல்களுக்கு 3 வோல்ட் அளவுக்குத் தேவைப்படுவதால் அவை தொடக்கத்திலிருந்தே மங்கலாக எரியும். லித்தியம் கலத்தை உள்ளேயே வைத்து மூடிய கோல்களும் வருகின்றன. மே மாத வெயிலில் டிராக்டரின் முன்பலகையில் கோலைப் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் எந்த நிலையத்திலும் இருக்கும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது எரிபொருளையும் சொல்ல வேண்டும். விமானங்களுக்கு நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது தீப்பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளக்கூடிய வெப்பநிலை, குறைந்தது 38 பாகை செல்சியஸ். நம் ஊர்க் கோடையில் காற்றே அதைத் தாண்டும் நாள்கள் உண்டு. எரிபொருள் நிரப்பும் பகுதிக்குள் செல்லும் பணியாளரிடம் சாதாரணப் பொத்தான் விளக்கு இருப்பது பலரும் பொருட்படுத்தாத ஒன்று. தீப்பொறி எழாத வகையில் செய்யப்பட்டு அதற்கான சான்று பெற்ற கோல்கள் மூன்றாம் வகையில் மட்டுமே எங்களுக்குக் கிடைத்தன. சான்றெண் கோலின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், பெட்டியில் அச்சிட்டால் போதாது. விலை வேறுபாட்டில் கணிசமான பங்கு இதற்குத்தான் போகிறது என்று தோன்றுகிறது. கொள்முதல் பிரிவை ஒப்புக்கொள்ள வைத்ததும் இதுவே.

உடையும் தன்மையையும் சோதித்தோம். தடைக்கட்டைச் சைகையில் நுனிகள் ஒன்றோடொன்று மோதுவதால், மலிவான தடியின் நுனிமூடி விரைவில் விரிசல் விடுகிறது. உதிர்ந்த பிளாஸ்டிக் சில்லை யாராவது குனிந்து எடுக்காவிட்டால் அடுத்த விமானத்தின் எஞ்சினோ டயரோ எடுத்துக்கொள்ளும். காந்த அடிப்பகுதியும் இதே வகைத் தொல்லை: டிராக்டரின் மேல் ஒட்டி வைத்துவிட்டு மறந்தால், டிராக்டர் நகரும்போது கோல் ஏப்ரனில் எங்கேனும் விழும். இடுப்புவாரில் செருகும் உறை ஒன்றைச் சேர்த்தே தரும் விற்பனையாளரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இறக்கையோரம் நடந்து வருபவருக்கும் கோல் வேண்டும் என்பதை எண்ணிக்கை போடும்போது பலர் விட்டுவிடுகிறார்கள். ஏ320 போன்ற விமானங்களுக்கு நிறுத்துமிடத்தில் இறக்கை நுனிக்கும் அருகிலுள்ள பொருளுக்கும் இடையே ஐ.சி.ஏ.ஓ. கூறும் குறைந்தபட்ச இடைவெளி 4.5 மீட்டர், பெரிய விமானங்களுக்கு 7.5 மீட்டர். போயிங் 777-300ஈஆர் விமானத்தின் இறக்கை விரிவு 64.8 மீட்டர் என்பதால், நுனியோரம் நிற்பவர் நடுக்கோட்டிலிருந்து 30 மீட்டருக்கும் அப்பால் இருக்கிறார். அவர் வலக்கைக் கோலை மேல்நோக்கி உயர்த்தி, கீழ்நோக்கிய இடக்கைக் கோலை உடலை நோக்கி அசைத்து, தன் பக்கம் தடையில்லை என்று காட்டுவதை மற்றவர்கள் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார்கள். பழைய, மங்கிய கோல்களை இறக்கையோரத்துக்கு ஒதுக்கும் வழக்கம் அதனால் தலைகீழானது. எல்லாப் பக்கமும் ஒளிரும் கோல் மிகவும் தேவைப்படுவது அங்கேதான்.

விமானத்தை அனுப்பி வைக்கும் கடைசிச் சைகைக்கும் கோல் கையில் எரிந்துகொண்டிருக்க வேண்டும். வலக்கையாலோ கோலாலோ வணக்கம் வைத்து, விமானம் நகரத் தொடங்கும்வரை விமானியோடு கண்தொடர்பை விடாமல் இருப்பதே விதி. 2015 டிசம்பர் 16 அன்று மும்பை விமான நிலையத்தில், ஹைதராபாத்துக்குப் புறப்படவிருந்த ஏர் இந்தியா ஏ319 விமானம் பின்னுக்குத் தள்ளப்பட்ட பிறகு நகரத் தொடங்கியபோது, அருகிலிருந்த தரைப் பணியாளர் ஒருவர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆட்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள் என்பதை விமானிக்குச் சொல்லும் அந்தக் கடைசிச் சைகையை ஒரு சம்பிரதாயமாகக் கருதிக் கோலை முன்கூட்டியே அணைத்துவிடும் பழக்கத்தை, பயிற்சியிலேயே கண்டிக்க வேண்டும். அடிமூடியைத் திருகி அணைக்கும் கோலில் அது சற்றே தாமதமாவதும் ஒரு நன்மைதான்.

பகல்நேரத்துக்கு இந்த மூன்றில் எதுவும் பயன்படாது. உச்சிவெயிலில் எவ்வளவு விலையுயர்ந்த எல்.இ.டி.யும் அணைந்த பிளாஸ்டிக்காகவே தெரிகிறது. அப்போது தேவை, அகன்ற ஒளிர்வண்ண மட்டை. விதிமுறையிலேயே மேசைப்பந்து மட்டை என்று எழுதியிருப்பதைப் புதிய பயிற்சியாளர்கள் நம்பாமல் சிரிப்பதுண்டு. விமானந்தாங்கிக் கப்பல்களில் ஒரு காலத்தில் தரையிறங்கும் விமானங்களையே கையில் பிடித்த மட்டைகளால் வழிநடத்தினார்கள். 1950களில் ஒளியியல் கருவிகள் வந்து மட்டைகள் மறைந்த பிறகும், அமெரிக்கக் கடற்படையில் அந்தப் பணியிலுள்ள அலுவலரைப் ‘பேடில்ஸ்’ (மட்டைகள்) என்றே அழைக்கிறார்கள். மட்டை வாங்குவதில் நுட்பம் எதுவும் இல்லை. நிறம் வெளுத்ததும் மாற்றிவிட வேண்டும் என்பது மட்டுமே. நம் வெயிலில் ஒளிர்வண்ணம் எதிர்பார்ப்பதைவிட விரைவாக வெளுக்கிறது.

பெரிய நிலையங்களில், பாலம் இணைக்கும் நிறுத்துமிடங்களில், லேசர் கதிரால் தூரத்தை அளந்து நடுக்கோட்டிலிருந்து விலகலையும் மீதி மீட்டரையும் காட்டும் மின்பலகைகள் வந்துவிட்டனவே, இத்தனை செலவு எதற்கு என்றும் கேட்கப்பட்டது. பலகை பழுதாகும்போது அழைக்கப்படுபவர் மார்ஷலர்தான். பாலமில்லாத தொலைவு நிறுத்துமிடங்கள், சிறிய நிலையங்களில் வந்து நிற்கும் ஏடிஆர் விமானங்கள், தனியார் விமானங்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவை அநேகமாகக் கைச்சைகையையே நம்புகின்றன. ஏடிஆர்-72இன் உந்துவிசிறி ஒன்றின் விட்டம் 3.93 மீட்டர், அதன் முன்னால் இரவில் நிற்பவரின் கோலில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே எங்கள் பிரிவு வாங்கியது மூன்றாம் வகை: சிவப்பு நிறம், நடுத்தரப் பிரகாசம், ‘ஏஏ’ கலங்கள், திருகி ஏற்றும் அடிமூடி, பட்டை வார், தீப்பொறிச் சான்று. குறை இல்லாமல் இல்லை. குழலின் மேற்பரப்பில் கீறல் எளிதில் விழுகிறது. மாற்றுக் குழலைத் தனியாக விற்பதில்லை என்பதால், கீறல் மிகுந்தால் கோலையே மாற்ற வேண்டியிருக்கும். அடிமூடியின் திருகுவரி நுண்ணியதாக இருப்பதால், இருட்டில் கையுறையோடு கலம் மாற்றுபவர் அதைச் சாய்வாகத் திருகி வரியைக் கெடுக்கக் கூடும். பணி தொடங்கும் முன் ஓய்வறையிலேயே கலத்தை மாற்றிவிடச் சொல்லியிருக்கிறோம். விற்பனையாளர் ரப்பர் வளையங்களைக் கூடுதலாக அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார். சாலைத் தடிகள் சிலவற்றையும் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டோம்; அவை இப்போது பணியாளர் வாகன நிறுத்தத்தில், காந்தமும் ஊதலும் மினுக்கலும் எல்லாம் பயன்படும் இடத்தில் இருக்கின்றன.